ஸ்லிக்கைக் கழற்றிவிட்டு ரேடியல் போட்டால் காரில் என்ன மாறும்?

"டிராக் ரேஸ் காருக்கு ரேடியல் போட்டா பிடிப்பு கூடும்" என்பார் ஒருவர். "ரேடியல்னா வேனுக்குப் போடுற டயர்தானே, அதப் போயி ரேஸுக்குப் போடுவாங்களா?" என்பார் பக்கத்தில் நிற்பவர். ஏப்ரல் சீசன் நெருங்கும்போது ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்துக் கராஜ்களில் இந்த இரண்டு பேச்சும் காதில் விழும். இருவருமே பிடிப்பு என்பதை டயருக்குள் அடைத்து விற்கும் ஒரு சரக்காக நினைத்துப் பேசுகிறார்கள். கூட இருக்கிறதா, குறைய இருக்கிறதா என்பதுதான் அவர்களுக்குள்ள வழக்கு. ஆனால் ஸ்லிக், ரேடியல் என்ற இந்த இரண்டு வகை டயரும் வேறுபடுவது, எஞ்சினின் விசையைத் தரைக்குக் கொண்டுபோகும் விதத்தில். அந்த விதம் மாறினால் காரில் இன்னும் பல இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும். இதைத் தெரியாமல் டயரை மட்டும் வாங்கிப் பூட்டிவிட்டு "ரேடியல் சரியில்லை" என்று திட்டுகிறவர்கள் அதிகம்.

மலையகத்துக்குக் கார்ப் பந்தயம் புதிதில்லை. மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இலேயே தொடங்கியது. ரதல்லவிலும் மலையேற்றப் போட்டி உண்டு. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் மண்பாதைப் பந்தயம் உண்டு. ஆனால் நேர்கோட்டில் ஓடும் டிராக் ரேஸுக்கு நமது மலைகளில் இடம் கிடைப்பது அரிது. ஆகவே அதை நாம் பெரும்பாலும் கைபேசித் திரையில்தான் பார்க்கிறோம். திரையில் டயர் தெரியும், புகை தெரியும். உள்ளே நடப்பது தெரியாது. அந்த உள் விஷயத்தை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

டிராக் ரேஸ்: முதல் விநாடியின் பந்தயம்

இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் நேராக ஓடும். தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீற்றர். அல்லது அரைக்கால் மைல், சுமார் 201 மீற்றர். வளைவு கிடையாது, பிரேக் போட்டுத் திரும்பும் வேலை கிடையாது. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறது என்பதில் பாதிப் பந்தயம் முடிந்துவிடும்.

அந்தக் கிளம்பலில் எஞ்சினின் விசை முழுவதும் டயர் தரையைத் தொடும் சிறு பரப்பு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே டயர் தரையைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றிவிட்டால் எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருந்தும் பயனில்லை. இதற்கென்று வந்ததுதான் ஸ்லிக்: மேலே வெட்டுக் கோடு எதுவும் இல்லாத, மென்மையான ரப்பரால் ஆன, வழுவழுப்பான பந்தய டயர். பழைய காலத்திலிருந்து டிராக் ரேஸில் ஓடும் ஸ்லிக்குகள் பயஸ் என்ற அமைப்பில் செய்யப்பட்டவை. ரேடியல் என்பது வேறு அமைப்பு. "ஸ்லிக்கிலிருந்து ரேடியலுக்கு மாறுவது" என்று பேசும்போது பயஸ் ஸ்லிக்கைக் கழற்றிவிட்டு, டிராக் ரேஸுக்கென்றே செய்த ரேடியல் டயரைப் போடுவதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு சாரத்தை இழுத்துப் பாருங்கள்

வீட்டிலுள்ள ஒரு பருத்திச் சாரத்தை எடுத்து, நூல் ஓடும் திசையிலேயே இரண்டு கையாலும் இழுங்கள். அசையாது. அடுத்து அதே துணியைச் சாய்வாக, மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள். துணி நீளும், நடுவில் ஒடுங்கும், விட்டால் பழைய நிலைக்கு வரும். நூல் எதுவும் நீளவில்லை. நூலும் நூலும் குறுக்கிடும் கோணம்தான் மாறியது. சதுரமாக இருந்த கண்கள் சாய்சதுரமாயின, அவ்வளவுதான்.

டயருக்குள்ளும் இப்படி நூல் இருக்கிறது. ரப்பர் மட்டும் என்றால் காற்றடித்தவுடன் உப்பி வெடித்துவிடும். நைலோன், பொலியெஸ்டர், உருக்குக் கம்பி போன்ற இழைகளை வரிசையாக வைத்து ரப்பரில் பதித்துத்தான் டயரைச் செய்கிறார்கள். அப்படியான ஒவ்வோர் அடுக்குக்கும் பிளை என்று பெயர்.

பயஸ் டயரில் இந்த இழைகள் சாய்வாக ஓடுகின்றன. ஓர் அடுக்கு ஒரு பக்கம் சாயும், அடுத்தது மறுபக்கம் சாயும். ரிம்மில் பொருந்தும் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்பு வரை இதே பின்னல்தான். ஆக, டயரின் பக்கச் சுவரும் தரையைத் தொடும் மேற்பகுதியும் ஒரே துணி. ஒன்றை இழுத்தால் மற்றது கூடவே வரும்.

ரேடியலில் இழைகள் டயர் ஓடும் திசைக்குச் செங்குத்தாக, விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராகப் போகின்றன. அதற்கு மேலே, தரையைத் தொடும் பகுதிக்கு அடியில், உருக்குக் கம்பிப் பட்டிகள் டயரைச் சுற்றிப் போடப்படுகின்றன. பக்கச் சுவர் தன் பாட்டுக்கு வளையும். மேற்பகுதி அந்தப் பட்டியின் பிடியில் நீளாமல் தட்டையாக இருக்கும். பிரான்சின் மிஷெலின் கொம்பனி 1946இல் இதற்குக் காப்புரிமை எடுத்தது. இன்று உலகத்தில் ஓடும் கார்கள் ஏறக்குறைய எல்லாமே ரேடியலில்தான் ஓடுகின்றன. டிராக் ரேஸுக்கென்று தனி ரேடியல் 1990களில்தான் வந்தது, பி.எஃப். குட்ரிச் அதில் முன்னோடி.

இரண்டையும் பார்க்க ரேஸுக்குப் போக வேண்டியதில்லை. ஓட்டோ ஸ்டாண்டில் குனிந்து டயரின் பக்கச் சுவரைப் பாருங்கள்: 4.00-8 என்று இருக்கும். நடுவில் உள்ள அந்தச் சிறு கோடு பயஸ் என்பதன் அடையாளம். ஹையேஸ் வேன் டயரில் 195/80 ஆர் 15 என்று இருக்கும். அந்த 'ஆர்' ரேடியலைக் குறிக்கிறது; பலர் நினைப்பதுபோல ரேஸைக் குறிப்பதில்லை. தேய்ந்து வெட்டிப்போட்ட வேன் டயர் ஒன்று டயர் கடை வாசலில் கிடந்தால் வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேற்பகுதிக்குள் துருப்பிடித்த கம்பி முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். பக்கச் சுவரில் கம்பி இருக்காது, துணி இழை மட்டும்தான். மேலே சொன்ன இரண்டு வேலைகளும் பிரிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

டிராக் ரேஸ் டயர்களிலும் இதே எழுத்துமுறைதான். 28×10.5-15 என்றால் 28 அங்குல உயரம், 10.5 அங்குல அகலம், 15 அங்குல ரிம், பயஸ். 275/60 ஆர் 15 என்றால் 275 மில்லிமீற்றர் அகலம், அதில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 15 அங்குல ரிம், ரேடியல். கணக்குப் போட்டால் இதன் உயரமும் 28 அங்குலம்தான் வரும். நிற்கும்போது இரண்டும் ஒரே உயரம். ஓடும்போது அப்படி இருக்காது.

இதுவரை பார்த்தது: பயஸ் டயர் முழுவதும் சாய்வுப் பின்னல், எந்தப் பக்கம் இழுத்தாலும் உரு மாறும். ரேடியலில் பக்கச் சுவர் வளையும், மேற்பகுதி நீளாது. இனி வருவதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டின் விளைவு.

கிளம்பும் அந்தக் கணம்

பயஸ் ஸ்லிக் போட்ட கார் கிளம்புவதை மெதுவாக்கிய காட்சியில் பாருங்கள். ரிம் முதலில் திரும்பிவிடுகிறது. தரையைத் தொடும் ரப்பர் இன்னும் அசையவில்லை. இடையில் மாட்டிக்கொண்ட பக்கச் சுவர் சுருக்கம் சுருக்கமாக மடிகிறது. கார் சற்றுத் தாழ்ந்து, தரையைத் தொடும் பகுதி நீளுகிறது. பிறகு அந்தச் சுருக்கம் பிரிந்து விரியும்போது சேமித்த விசையைத் திருப்பிக் கொடுத்துக் காரை முன்னே தள்ளுகிறது.

எஞ்சினிலிருந்து வரும் அடி ஒரே கணத்தில் வருகிறது. அது தரைக்குப் போய்ச் சேர்வதோ கொஞ்சம் கொஞ்சமாக. நடுவில் நின்று அந்த அடியை வாங்கிக்கொள்வது பக்கச் சுவர். ஓட்டுநரின் அவசரம், கிளட்சின் முரட்டுத்தனம், ஷொக் அப்சோர்பரின் குறை எல்லாவற்றையும் அது ஓரளவு பொறுத்துக்கொள்கிறது.

டிராக் ரேடியலின் பக்கச் சுவரும் மென்மையாகத்தான் செய்யப்படுகிறது. அதிலும் மடிப்பு விழும். ஆனால் மேற்பகுதியைப் பட்டி இறுக்கிப் பிடித்திருப்பதால் பயஸ் அளவுக்கு முழு டயரும் சேர்ந்து உரு மாறுவதில்லை. எஞ்சினின் அந்த அடியின் பெரும்பகுதி நேரே தரைக்குப் போகிறது. தரையும் ரப்பரும் அதைத் தாங்கினால் கார் துளியும் வீணாக்காமல் பாய்கிறது. தாங்காவிட்டால் டயர் சட்டென்று சுற்றிவிடும்.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். கார் நகரும் வேகத்தைவிட டயர் கொஞ்சம் அதிகமாகச் சுற்றுவதற்குச் சறுக்கல் என்று பெயர். சறுக்கல் என்றாலே கெட்டது என்று தோன்றும். அப்படியில்லை. எந்த டயரும் சிறிதளவு சறுக்கும்போதுதான் அதிகப் பிடிப்பைத் தருகிறது. அந்த அளவைத் தாண்டினால் பிடிப்பு இறங்கத் தொடங்கும். பயஸ் ஸ்லிக்கில் அந்த உச்சம் அகலமானது. கொஞ்சம் கூடச் சறுக்கினாலும் பிடிப்பு மெதுவாகவே இறங்கும். டயர் சமாளித்துத் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். ரேடியலில் உச்சம் கூர்மையானது. தாண்டியவுடன் பிடிப்பு மளமளவென்று விழும். அந்த ஓட்டத்தில் பெரும்பாலும் திரும்பவும் பிடிக்காது. ஓட்டுநர் காலை எடுத்தால்தான் உண்டு.

கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்றால் இதை வையுங்கள்: பயஸ் ஸ்லிக் அடியைத் தானே வாங்கிக்கொள்கிறது. ரேடியலுக்கு மாறும்போது அந்த வேலையைக் காரின் வேறு ஏதாவது ஒன்று செய்தாக வேண்டும்.

வேகம் ஏறிய பிறகு

ஓட்டத்தின் மறுபாதியில் கதை ரேடியல் பக்கம் திரும்புகிறது. டயர் வேகமாகச் சுற்றும்போது அதன் மேற்பகுதி வெளிப்பக்கம் விசிறப்படுகிறது. பயஸ் டயரில் சாய்வு இழைகளின் கோணம் மாறி, டயர் உயர்ந்து, அகலத்தில் ஒடுங்குகிறது. சாரத்தில் பார்த்த அதே கணக்கு. முடிவுக் கோட்டை நெருங்கும்போது 28 அங்குல ஸ்லிக் 28 அங்குலமாக இருக்காது.

உலகத்தின் மிக வேகமான டிராக் கார்களான டொப் ஃபியூவல் வகைக்குக் கியர் பெட்டியே இல்லை. அவற்றில் பின் டயரின் வளர்ச்சிதான் கியர் மாற்றுவதன் வேலையில் ஒரு பங்கைச் செய்கிறது. கிளம்பும்போது நசுங்கிச் சிறுத்து நிற்கும் டயர், வேகத்தில் உயர்ந்து எழுகிறது. அந்தக் காணொளிகளில் டயர் தட்டை போல மெலிந்து நிமிர்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பயஸ் டயரால் மட்டுமே முடிகிற காரியம்.

ரேடியலை உருக்குப் பட்டி வளர விடாது. உயரமும் அகலமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். டயர் உருளும்போது உரு மாறுவதில் வீணாகும் சக்தியும் குறைவு. அதனால் அதே கார் ரேடியலில் முடிவுக் கோட்டைக் கூடிய வேகத்தில் கடப்பது வழக்கம். மேல் வேகத்தில் கார் பின்பக்கம் அலைவதும் குறையும். மென்மையான பயஸ் பக்கச் சுவரில் கார் மிதப்பதாகத் தோன்றி ஓட்டுநருக்கு வயிற்றைக் கலக்கும். ரேடியலுக்கு மாறியவர்கள் முதலில் சொல்வது இந்த அலைச்சல் போனதைத்தான்.

இதில் ஒரு சிறு கணக்கும் இருக்கிறது. டயர் வளராததால், அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்ற வேண்டும். பயஸில் முடிவுக் கோட்டில் சரியாக இருந்த சுற்று, ரேடியலில் எஞ்சினின் எல்லையைத் தொட்டுவிடலாம். உயரம் கூடிய டயரைப் போடுவது, அல்லது டிஃபரன்ஷியலின் பல் விகிதத்தை மாற்றுவது இதற்கு வழி.

அப்படியானால் எது பெரிது?

டொப் ஃபியூவல் கார்கள் 10,000 குதிரைச் சக்திக்கு மேல் வைத்துக்கொண்டு இன்றும் பயஸ் ஸ்லிக்கில்தான் ஓடுகின்றன. இதைச் சொல்லி ரேடியலைக் கீழே வைப்பவர்கள் உண்டு. அதே அமெரிக்காவில், 315/60 ஆர் 15 ரேடியல் மட்டுமே போட வேண்டும் என்ற விதியோடு ஓடும் வகுப்பில் அரைக்கால் மைலை 4 விநாடிக்குள் முடிக்கிறார்கள். இதைச் சொல்லிப் பயஸைப் பழையது என்பவர்களும் உண்டு.

இரண்டாவது கூட்டம் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த ரேடியல் பந்தயங்கள் நடக்கும் தரை சாதாரணத் தார் இல்லை. ஓடுபாதை முழுவதும் பிசின் கலவை தெளித்து, ரப்பர் இழுத்து, தடவித் தடவிப் பழக்கியிருப்பார்கள். செருப்போடு நடந்தால் செருப்பு ஒட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வரும். கூர்மையான உச்சத்தைக் கொண்ட டயருக்கு அப்படிப்பட்ட தரைதான் வேண்டும். அந்த வசதி இல்லாத ஓடுபாதையில் பயஸ் ஸ்லிக்கின் பொறுமைக்கு இன்னும் மதிப்பு உண்டு. என்னைக் கேட்டால், தரை எப்படி இருக்கும் என்று தெரியாமல் ரேடியல் வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

டயரோடு சேர்த்து மாற வேண்டியவை

முதலில் விசை வரும் விதம். கிளம்பும் கணத்தில் எஞ்சினைக் கொஞ்சம் அடக்கி, அடுத்த ஒன்றிரண்டு விநாடிக்குள் படிப்படியாகத் திறந்துவிட வேண்டும். கிளம்பும் சுற்றை, அதாவது கிளம்பும்போது எஞ்சின் சுற்றும் வேகத்தைக் குறைப்பது, தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுவது, டர்போ காரென்றால் அழுத்தத்தை நேரத்துக்கு ஏற்ப ஏற்றுவது எல்லாம் இதற்குத்தான். பயஸின் பக்கச் சுவர் செய்த வேலையை இப்போது எஞ்சினின் கணினி செய்கிறது.

கிளட்சை மிதித்துச் சட்டென்று விடும் மனுவல் கார்களுக்கு இது கஷ்டம். அந்த அடியைக் கணினியால் மட்டும் மென்மையாக்க முடியாது. அதனால்தான் மனுவல் காரர்கள் பலர் ஸ்லிக்கையே விடாமல் பிடித்திருக்கிறார்கள். டோர்க் கன்வேர்ட்டர் வைத்த ஓட்டோ கியர் கார்கள் விசையைத் தாமாகவே மென்மையாகக் கொடுப்பதால் ரேடியலோடு நன்றாகப் பொருந்தும். அக்ஸல், டிஃபரன்ஷியல் இரண்டையும் மாற்றத்துக்கு முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். டயர் வாங்காத அடியை அவைதான் வாங்கும்.

அடுத்தது பின் ஷொக் அப்சோர்பர். பயஸுக்கு, கிளம்பும்போது டயரைத் தரையில் ஓங்கி அறைகிற மாதிரி அமைப்பது வழக்கம். பக்கச் சுவர் நசுங்கட்டும் என்றே அப்படிச் செய்வார்கள். ரேடியலுக்கு அறை வேண்டாம், நின்று நீடிக்கும் அமுக்கம் வேண்டும். காரின் பின்பக்கம் சடாரென்று எழும்பாமல் மெதுவாக எழும்படி ஷொக்கை இறுக்கித் தொடங்குவார்கள்.

பிறகு காற்று. டயருக்குள் உள்ள அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்று அளப்பதுதான் பி.எஸ்.ஐ. பயஸ் ஸ்லிக்கில் 8 முதல் 15 வரை சாதாரணம். டிராக் ரேடியலில் பெரும்பாலும் 15க்கு மேல் தொடங்கி, அரை அரை பி.எஸ்.ஐ.யாக மாற்றிப் பார்ப்பார்கள். ரேடியலில் காற்றை மிகவும் இறக்கினால் பட்டியின் நடுப்பகுதி தரையை அழுத்தாமல் போகும். "இறக்கினால் பிடிக்கும்" என்ற பயஸ் பழக்கம் இங்கே உதவாது.

காற்று விஷயத்தில் மலையகத்துக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ.; நுவரெலியாவில் 12க்கும் சற்றுக் குறைவு. டயர் அளவி காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை. ஆகவே நுவரெலியாக் குளிரில் 15 வைத்து லொறியில் ஏற்றி, மோட்டார் பந்தயங்கள் நடந்திருக்கும் கட்டுகுருந்தை விமான ஓடுபாதையில் இறக்கினால், அளவி ஏறக்குறைய 13.5 காட்டும். கீழே உள்ள வெயில் டயருக்குள் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினாலும், வெளிக்காற்றின் கூடுதல் அழுத்தம் அதையும் விழுங்கி மேலும் குறைத்துவிடும். அரை பி.எஸ்.ஐ.க்கே குணம் மாறும் டயரில் இது பெரிய வித்தியாசம். காற்றை எப்போதும் ஓட்டம் நடக்கும் இடத்தில், ஓட்டத்துக்கு முன்னால் வையுங்கள்.

இதே உயரம் எஞ்சினிலும் வேலை காட்டுகிறது. மேலே காற்று அடர்த்தி குறைவு. டர்போ இல்லாத எஞ்சின், கடலோரத்தில் இழுப்பதில் ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் நுவரெலியாவில் காற்றை இழுக்கிறது. மேலே வைத்துக் கிளம்பல் சரிபார்த்த கார், கீழே போனதும் அதே மிதிக்குக் கூடிய விசையைத் தரும். பயஸ் ஸ்லிக் என்றால் இந்தக் கூடுதலை விழுங்கிவிடும். நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். ரேடியலின் கூர்மையான உச்சத்துக்கு அதுவே அதிகம். "வீட்டுப் பக்கத்துல நல்லா பிடிச்சிச்சு, அங்க போனதும் சுத்திருச்சு" என்று சொல்பவரின் டயரில் குறை இருக்க வேண்டும் என்பதில்லை. காற்று, விசை இரண்டும் மலையிலிருந்து இறங்கும்போதே மாறிவிட்டன.

டயரைச் சூடாக்கும் வேலையும் மாறும். ஓட்டத்துக்கு முன் தண்ணீர் விட்ட இடத்தில் டயரைச் சுற்றிப் புகையெழுப்புவதை பர்ன்அவுட் என்பார்கள். ஸ்லிக்குக்கு வெள்ளைப் புகை நன்றாக எழும்வரை சுற்றலாம். ரேடியலுக்கு அவ்வளவு வேண்டாம். புகை இலேசாகத் தெரிந்ததும் நிறுத்த வேண்டும், அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ரப்பர் எண்ணெய்ப் பசையாகிப் பிடிப்பு போகும். வெட்டுக் கோடுகள் உள்ள டிராக் ரேடியல் என்றால் தண்ணீருக்குள் ஓட்டிப் போகாமல், சுற்றிப் போய்ப் பின்னால் வந்து பின் டயரை ஈரத்தின் ஓரத்தில் வைப்பார்கள். இல்லாவிட்டால் கோடுகளுக்குள் ஏறிய தண்ணீர் கிளம்பும் கோட்டில் சொட்டும்.

முன் டயரையும் பாருங்கள். முன்னே ரேடியல், பின்னே பயஸ் ஸ்லிக் என்ற கலப்பில் கார் மேல் வேகத்தில் பின்பக்கம் தள்ளாடும். முன்னும் பின்னும் ஒரே அமைப்பாக இருப்பது பாதுகாப்பு.

சுருக்கமாக: விசை மெதுவாக ஏற வேண்டும், பின்பக்கம் மெதுவாக எழும்ப வேண்டும், காற்றை அங்கேயே வைக்க வேண்டும், சூடு குறைய வேண்டும். நான்கும் ஒரே காரணத்தால் வருகின்றன.

மலையேற்றப் போட்டிக்கு இதைப் போடலாமா?

மஹகஸ்தோட்டைக்கோ ரதல்லவுக்கோ போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. கூடாது. அங்கே ஓடும் செமி ஸ்லிக் டயர்களும் (வெட்டுக் கோடுகள் குறைந்த பந்தய டயர்கள்) ரேடியல்தான், அவற்றின் ரப்பரும் ஒட்டுகிற ரப்பர்தான். ஆனால் அவற்றின் பக்கச் சுவர் விறைப்பானது. வளைவில் கார் வெளியே தள்ளும்போது டயர் சாய்ந்து மடியாமல் தாங்க வேண்டும் அல்லவா? டிராக் ரேடியலின் பக்கச் சுவர், கிளம்பும்போது மடிய வேண்டும் என்பதற்காகவே மென்மையாக்கப்பட்டது. அதை வளைவில் கொண்டுபோனால் ஸ்டியரிங் திருப்பியும் கார் தாமதித்துத்தான் திரும்பும். செமி ஸ்லிக்கை டிராக் ரேஸுக்குக் கொண்டுபோனால் மறுபக்கத்துப் பிரச்சினை: விறைத்த சுவர், கிளம்பும்போது சுற்றிவிடும்.

ரோட்டில் ஓட்டலாமா?

அமெரிக்காவில் சில டிராக் ரேடியல்கள் ரோட்டில் ஓட்ட அனுமதி முத்திரையோடு விற்பனையாகின்றன. அதைக் காட்டி இங்கேயும் ஓட்டலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த டயர்களில் தண்ணீரை வெளியேற்றும் கோடுகள் பெயருக்குத்தான் இருக்கின்றன. ரப்பர் சூடானால்தான் ஒட்டும். நுவரெலியாவின் காலைக் குளிரில் அது கட்டையாக இருக்கும். ரம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை இறக்கத்திலும் மழையும் பனிமூட்டமும் சேர்ந்து வரும் நேரத்தில், எதிரே கொழுந்து லொறியோ பஸ்ஸோ வரும்போது, அந்த டயரில் பிரேக் மிதிப்பது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஓட்டுநர் மட்டுமா அந்த ரோட்டில் இருக்கிறார்? பாடசாலைப் பிள்ளைகள் ஓரத்தில் நடந்து போகிறார்கள். ரேஸ் டயரைத் தனி ரிம்மில் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதைக்குப் போன பிறகு மாற்றுங்கள்.

முதல் ஓட்டங்கள்

மாற்றிய பிறகு முதல் ஓட்டத்தில் முழு விசையைக் கொடுக்காதீர்கள். கிளம்பும் சுற்றை வேண்டுமென்றே குறைத்து, முதல் 20 மீற்றர் மட்டும் ஓட்டிப் பாருங்கள். டயர் சுற்றாமல் போனால் அடுத்த முறை கொஞ்சம் ஏற்றலாம். மேலிருந்து இறங்கி வருவதைவிடக் கீழிருந்து ஏறிப் போவது ரேடியலில் எளிது; சுற்றிவிட்ட ஓட்டத்திலிருந்து, எவ்வளவு கூடிப்போனது என்று கண்டுபிடிக்க முடியாது.

ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய்த் தரையில் விழுந்த கறுப்புத் தடத்தைப் பாருங்கள். சீரான நிறத்தில் இரண்டு ஓரமும் நடுவும் ஒன்றாக இருந்தால் காற்று சரி. ஓரங்கள் கறுத்து நடு வெளிறியிருந்தால் காற்று குறைவு. நடு மட்டும் கறுத்திருந்தால் அதிகம். தடம் தொடங்கி, சிறிது தூரத்தில் திடீரென்று அடர்ந்து கறுத்தால் டயர் அந்த இடத்தில் சுற்றியிருக்கிறது. அந்தத் தூரத்தில் விசை ஏறும் வேகத்தைத்தான் குறைக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். காற்று, வெப்பநிலை, கிளம்பும் சுற்று, இடத்தின் உயரம் ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் நேரத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறோர் இடத்துக்குப் போகும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதை அந்தக் கொப்பி சொல்லும்.